கண்டிக்கு வழிகாட்டியவர்கள்



பயண வழிகாட்டிகளையும் விடுதிகளுக்குத் தரம் குறிக்கும் முறைகளையும் பற்றித் தமிழில் ஓர் ஆய்வரங்கு தேவைதானா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் என்னிடம் கேட்டார்கள். கண்டியில் கல்வெட்டு இருக்கிறது, சுவடி இருக்கிறது, நாயக்கர் வரலாறு இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு இது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நான் அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். கண்டிக்கு வருகிறவர் இரண்டு நாள் தங்குகிறார். அந்த இரண்டு நாளில் அவர் எந்த வாசலில் காலணியைக் கழற்றுவார், யாருடைய கதையைக் கேட்பார், யாருடைய கையில் பணத்தைக் கொடுப்பார் என்பதெல்லாம் அவர் விமானம் ஏறுமுன்பே யாரோ தெரிவு செய்து வைத்துவிட்டார்கள். அந்தத் தெரிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கல்வெட்டைப் படிக்கிற கவனத்தோடு அதையும் நாம் படித்தாக வேண்டும்.

கண்டியில் பார்க்க வேண்டிய இடங்களின் இன்றைய பட்டியலை இங்கே இருக்கிற எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தலதா மாளிகை, வாவி, பேராதனைத் தாவரவியல் பூங்கா, உடவத்தைக்கெலே காடு, மாலையில் கண்டிய நடனம், பஹிரவகந்த புத்தர் சிலை, வழியில் பின்னவல யானைகள். இவற்றில் முதல் நான்கும் நூறாண்டுக்கும் மேலாகப் பட்டியலில் இருப்பவை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் 1867இல் வந்தது. மறே நிறுவனம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமான கைந்நூலை 1890களில் வெளியிட்டது. ஹென்றி கேவின் இலங்கை நூல் 1908இல் வந்தது. பேடெக்கரின் ஜெர்மன் மொழி இந்திய வழிகாட்டி இலங்கையையும் சேர்த்துக்கொண்டு 1914இல் வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடைவெளியில் மலைக்குப் போய்த் திரும்ப விரும்பியவர்கள் இவற்றின் வாசகர்கள். அவர்களுக்கு வேண்டியவை புகையிரத நிலையத்திலிருந்து குதிரை வண்டியில் சுற்றிவரக்கூடிய இடங்கள். குதிரை வண்டி போய்விட்டது. அது வகுத்த வட்டம் மட்டும் போகவில்லை என்பது என் கணிப்பு. ஒவ்வொரு புதிய பதிப்பும் பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. முன்னவர் பார்த்ததைப் பின்னவர் சரிபார்க்கிறார். முன்னவர் பாராத இடத்துக்குப் போக அவருக்கு நேரமும் இல்லை, பக்கமும் இல்லை.

தரக்குறிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி இத்தாலியின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் வியப்புக்குறிகளை இட்டார். சிறந்ததற்கு அதிகக் குறிகள். பேடெக்கர் 1840களில் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார். மிஷ்லின் டயர் நிறுவனம் 1900இல் கார் ஓட்டிகளுக்காக ஒரு கைந்நூலை இலவசமாகக் கொடுத்தது, 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் அளிக்கத் தொடங்கியது, 1931இல் அதை மூன்று படிகளாக்கியது. 1980இல் லோன்லி பிளானட்டின் இலங்கை நூல் வந்தது. முதுகுப்பையோடு வந்த இளைஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்டியின் சிறிய விடுதிகளைத் தேடினார்கள். 2000இல் டிரிப்அட்வைசர் தொடங்கியது. அதன் பிறகு தரம் சொல்லும் உரிமை தங்கியவர் எல்லோர் கைக்கும் போனது.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஊர்களைத் தெரிந்தெடுத்து உயர்த்துவதில் நமக்கு அவர்களைவிட நீண்ட அனுபவம் உண்டு. நாயன்மார் பாடிய கோயில்கள் பாடல் பெற்ற தலங்கள் ஆயின. பாடலுக்குள் பெயர் மட்டும் வந்தவை வைப்புத் தலங்கள் ஆயின. ஈழத்தில் பாடல் பெற்றவை கோணேஸ்வரமும் கேதீஸ்வரமும் மட்டுமே. அந்தப் பட்டியல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தபோது அவர் கை பெரிதும் சென்றது பாடல் பெற்ற தலங்களை நோக்கி. பாடல் வந்தது, பின்னால் கல் வந்தது, அதற்குப் பின்னால் நிலமும் விளக்கும் திருவிழாவும் வந்தன. பாடப்படாத ஊரின் கோயில் அடுத்த ஊர்க் கோயிலைவிடப் பக்தியில் குறைந்ததென்று யார் சொல்வது? ஆனால் கல்வெட்டில் அதற்கு ஒரு வரி கிடைப்பது அரிதாயிற்று. கண்டியிலும் இதுதான் நடந்து வந்திருக்கிறது. பட்டியல் ஓர் இடத்தின் தரத்தைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை. பாதையையும் பணத்தையும் பராமரிப்பையும் அங்கே அழைத்துச் செல்கிறது. இந்த ஆய்வரங்கில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுவே.

சில இடங்களைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

பேராதனைக்கு அப்பால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்ற மூன்று கோயில்களை ஒரே சுற்றில் பார்க்கும்படி வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. முதல் இரண்டும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியர். அந்தக் கருங்கல் வேலையில் திராவிடக் கட்டடக் கலையின் கை தெளிவாகத் தெரியும். லங்காதிலகப் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. கம்பளை அரசின் பெருங்கோயில் ஒன்றில் இரண்டு மொழியும் ஒரே பாறையில் இருப்பது இந்த நாட்டின் வரலாற்றில் எவ்வளவு பெரிய செய்தி! வழிகாட்டி நூல்கள் அங்கே பெரும்பாலும் காட்டுவது பாறையின் உயரத்தையும் சுற்றியுள்ள வயல்களின் அழகையும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பயணியும் அந்தப் பாறை மீது நடந்து, படம் எடுத்துக்கொண்டு, தன் மொழியைக் காணாமலே திரும்புகிறார். இது எனக்கு ஆறாத வருத்தம்.

வாவியைப் பாருங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தான் என்று எல்லா நூலும் சொல்லும். கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த அந்த நாயக்க வம்சத்து இளைஞன் 1815இல் முடியிழந்து, வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான் என்ற பாதி சிலவற்றில் வரும், சிலவற்றில் வராது. அரச உறவினர் குடியிருந்த, மலபார் வீதி என்று அழைக்கப்பட்ட வீதி நகரில் இருக்கிறது. அதன் வழியாக வாகனங்கள் போகின்றன, வழிகாட்டிகள் நிற்பதில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகிறவர்களுக்கு ஒரு சிறு நிறுத்தமாகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வண்ணமயமான கோபுரம், சில நிமிடம், படம். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே வடக்குப் பாதையில் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மலையின் அடிவாரத்தை வந்தடைந்த ஊர் மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் போக எஞ்சியவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அம்மைக்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சிய மக்கள் அந்த மலைவாசலில் மாரியை வழிபட்டது ஏன் என்று புரிந்துகொள்ள இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. கோபுரத்தின் உயரத்தைக் குறிக்கிற வழிகாட்டி அந்தப் பாதையின் நீளத்தையும் குறிக்க வேண்டாமா?

தேயிலைக்கு வருகிறேன். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய உருளை இயந்திரங்களும், லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே உள்ளன. நல்ல அருங்காட்சியகம், போய்ப் பார்க்க வேண்டியது. கம்பளைப் பக்கத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில், இன்னோர் அருங்காட்சியகம் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் லயக் காம்பராக்களையே, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளையே, அருங்காட்சியகமாக்கித் தோட்டத் தொழிலாளர் புழங்கிய வீட்டுச் சாமான்களையும் வேலைக் கருவிகளையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். கண்டியில் பயணியிடம் கேட்டுப் பாருங்கள், முதலாவதை அறிந்தவர் இருப்பார். இரண்டாவதை அறிந்தவரைத் தேட வேண்டும். இயந்திரம் பார்வைக்குரியது, அதை இயக்கியவரின் அடுப்பு பார்வைக்குரியது அல்ல என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பட்டியலின் பழக்கம் அப்படி ஆக்கிவிட்டது. கண்டியிலிருந்து எல்ல போகும் புகையிரதப் பயணத்தை உலகம் புகழ்கிறது; கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தப் புகழில் பச்சை நிறத்தின் ஒரு பகுதியாக மட்டும் வருகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். லயங்களைப் பார்வையிடங்களாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு நட்சத்திரம் இடுவது மரியாதை ஆகாது. அந்த மக்கள் எதைக் காட்ட விரும்புகிறார்களோ அதைக் காட்டவும், மறுத்தால் கதவைச் சாத்திக்கொள்ளவும் உரிமை உடையவர்கள். பீக்கொக் தோட்ட அருங்காட்சியகம் எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இதுவே காரணம்: இந்த மக்களுக்காக உழைத்தவர்களே எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்று தீர்மானித்தார்கள்.

இனி விடுதிகள். இலங்கையில் உல்லாசப் பயணச் சபை 1966இல் உருவானது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இன்றைய சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. ஹோட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுப்பது அது. விருந்தினர் இல்லம், வீட்டுத் தங்கல், பங்களா என்று வேறு வகைகளும் உண்டு. தோட்டத் துரை வாழ்ந்த பங்களாவுக்கு அந்த வகைகளில் மதிப்பான இடம் கிடைத்துவிட்டது. அரசின் நட்சத்திரம் அறையையும் வசதியையும் எண்ணுகிறது. இணையத்தின் மதிப்பெண் எண்ணுவது வேறொன்று: வந்தவர் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை. அதனால்தான் ஐந்து நட்சத்திர ஹோட்டல் பத்துக்கு எட்டு வாங்கும்போது மேட்டுத் தெருவில் மூன்று அறை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒன்பதரை வாங்க முடிகிறது. இது நல்லது, சிறியவருக்கு இதற்கு முன் இப்படி ஒரு வாய்ப்பு இருந்ததில்லை.

ஆனால் மதிப்பெண் வேறு, பட்டியலில் நிற்கும் வரிசை வேறு. முன்பதிவுத் தளங்களில் அதிகக் கொமிஷன் தரும் விடுதி மேலே வர முடியும். பிரித்தானியாவின் போட்டி, சந்தைகள் அதிகாரசபை 2019இல் தலையிட்ட பிறகே முக்கியமான தளங்கள் சில, கொமிஷன் வரிசையைப் பாதிக்கிறது என்பதை வெளிப்படையாகக் காட்ட ஒப்புக்கொண்டன. கண்டி நிலையத்தில் முச்சக்கர வண்டிக்காரர் விடுதியில் வாங்கும் கொமிஷனைப் பற்றி எல்லா நூல்களும் பயணியை எச்சரிக்கின்றன. தளம் வாங்கும் கொமிஷனும் அதே விடுதிக்காரரின் வருமானத்திலிருந்துதான் போகிறது. 2017இல் லண்டனில் ஓர் இளைஞர் தன் தோட்டத்துக் கொட்டகையை, ஒரு வேளைச் சாப்பாடுகூட விற்காமல், பொய் விமர்சனங்களாலேயே டிரிப்அட்வைசரில் அந்நகரின் முதல் உணவகமாக ஆக்கிக் காட்டியதையும் நீங்கள் அறிவீர்கள்.

தளங்கள் கேட்கும் மதிப்பெண் தலைப்புகளையும் கவனியுங்கள்: சுத்தம், வசதி, இடம், பணியாளர், பணத்துக்கேற்ற பயன், வைஃபை. பணியாளர் புன்னகைத்தாரா என்பதற்கு மதிப்பெண் உண்டு. அவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்பதற்கு இல்லை. தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து கண்டி ஹோட்டல்களில் படுக்கை விரிக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தலைப்புகளுக்கு வெளியே நிற்கிறார்கள்.

தரம் சொல்கிறவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்பது இப்படி மறைந்து கிடப்பதால்தான் ஆற்றுப்படை இலக்கியம் என் நினைவில் எப்போதும் இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு வழி சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில், வேலூரில், ஆமூரில் யார் உங்களை வரவேற்பார்கள், என்ன உணவு தருவார்கள் என்பதெல்லாம் உண்டு. மலைபடுகடாம் மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறியையும், பாம்பையும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல்லையும் முன்கூட்டியே சொல்கிறது. புரவலரைப் புகழ்வது அதன் நோக்கம். அந்தச் சார்பு ஒளிவு மறைவின்றி வெளியே தெரியும். சொல்பவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது, கேட்பவர் யார், ஆபத்து எங்கே என்ற நான்கும் அங்கே மறைக்கப்படவில்லை. இன்றைய தளம் ஒன்றைத் திறந்து இந்த நான்குக்கும் விடை தேடிப் பாருங்கள். இலவசமாகத் தங்கிப் புகழ்ந்தெழுதக் கூடாது என்ற விதியை வகுத்து அதை நூலிலேயே அச்சிட்ட வெளியீட்டாளர்களை இந்த இடத்தில் நான் மதிப்போடு குறிப்பிடுவேன்.

இளம் ஆய்வாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது உழைப்பு மிக்க வேலை. மறே முதல் இன்றுவரை கண்டி பற்றிய பதிப்புகளை வரிசையாக வைத்து, எந்த இடம் எப்போது உள்ளே வந்தது, எது எப்போது விழுந்தது என்று அட்டவணை தயாரியுங்கள். விடுதி நடத்தும் குடும்பங்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் பேசுங்கள். ஒரு மோசமான விமர்சனம் அந்த வீட்டின் மாத வருமானத்தை என்ன செய்தது என்று கேளுங்கள். தமிழ்ப் பயணிகள் கோயில் மடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கிப் போகிறார்கள். எந்தக் கணக்கிலும் வராத அந்தப் பயணங்களைப் பதிவு செய்யுங்கள். பிறகு கண்டிக்கும் சுற்றூர்களுக்கும் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுவோம். ஒவ்வோர் இடத்துக்கும் கீழே யார் போனார், எந்த மாதத்தில் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், செலவு யாருடையது, எந்த மொழியில் உரையாடினார் என்பதை அச்சிடுவோம். அது முதல் பதிப்பில் குறையுள்ளதாகத்தான் இருக்கும். குறையைத் திருத்த இந்த ஊர் மக்கள் இருக்கிறார்கள்.

நாளை பிற்பகல் லங்காதிலகவுக்குப் பேருந்து ஒழுங்கு செய்திருக்கிறோம். சிங்களச் சாசனத்தையும் தமிழ்ச் சாசனத்தையும் பாறையருகில் நின்றே வாசிப்போம்; எழுத்துப் பயிற்சி உள்ளவர்கள் மாணவர்களோடு முன்வரிசையில் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாறை வெயிலில் சுடும், வெறுங்காலோடு நிற்க வேண்டியிருக்கும், ஆகவே காலுறை கொண்டு வாருங்கள். இப்போது முதல் அமர்வு: மாத்தளைப் பாதை பற்றிய கட்டுரையை வாசிக்க வருமாறு கட்டுரையாளரை அழைக்கிறேன்.