ஈயக்குட்டையும் பால்மரக்காடும்



நம் நெகிரி செம்பிலானின் எல்லையைக் கடந்து, நீலாய்க்கு அப்பால் சிறிது தொலைவு சென்றால் சிலாங்கூரின் டிங்கில் வட்டாரம் வரும். அங்குள்ள பாயா இண்டா ஈரநிலக் காப்பகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் கண்டவர் இவ்வவையில் இருத்தல் கூடும். 'பாயா' என்பது மலாயில் சதுப்பு நிலம்; 'இண்டா' அழகு. தாமரை படர்ந்த ஏரிகளும் நாரையும் முதலையும் அங்கு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நீர்யானையும் உண்டு. 2001இல் திறக்கப்பட்ட அக்காப்பகம் பின்னர் வனவிலங்குத் துறையின் பொறுப்புக்கு வந்தது. அவ்வேரிகள் இயற்கை தந்தவை அல்ல. ஈயம் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து உண்டானவை.

ஈயத்தின் கதையை இங்கே நீட்ட வேண்டியதில்லை. சுங்கை ஊஜோங்கும் லுக்குட்டும் ஈயத்தால் பெயர் பெற்றவை. 1874இல் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்கில் கால்வைத்தமைக்கு ஈயமே முதற்காரணம். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எஞ்சியவை வெண்மணலும் குழிகளும்.

அக்குழிகளை நம் மக்கள் 'ஈயக்குட்டை' என்றனர். குட்டை என்றால் சிறுநீர்நிலை. எருமை படுக்கும், சிறுவர் இறங்கி விளையாடும் இடம். ஈயக்குட்டையோ கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம் இறங்குவது. ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லை மக்கள் அதற்குச் சூட்டினர். ஆழத்தைச் சொல் காட்டவில்லை. அதில் இறங்கி மாண்ட பிள்ளைகள் பலர். இன்று காப்பகத்தில் அதே நீர்நிலைக்குப் பெயர் 'தாசேக்', அதாவது ஏரி. வேலி, பலகை, காவலர் எல்லாம் அப்பெயரோடு வந்தன.

இதற்கு மூத்த சான்று கெப்போங். ஈயத்துக்காகத் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் மண் சலித்துப்போய், லாலாங் புல் மூடிக்கிடந்த நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். 1929இல் காட்டு ஆய்வு நிலையம் எழுந்தது. நூறாண்டு ஆகும் முன்பே அது பெருங்காடாகிவிட்டது. 2025இல் யுனெஸ்கோ அதனை உலக மரபிடமாக ஏற்றது. அங்குள்ள காப்பூர் மரங்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடாமல் வானத்துக்கு இடம் விட்டு நிற்பதைக் காணவே பலர் செல்கின்றனர். நம் 'கற்பூரம்' என்னும் சொல் இந்தக் 'காப்பூர்' என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. பச்சைக் கற்பூரம் தந்த மரம் இதுவே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் காட்டுகிறார். பாலை மீண்டும் முல்லையாவதற்கு நம் இலக்கணத்தில் தனிப்பெயர் இல்லை. அப்படி ஒரு மாற்றத்தைப் பழந்தமிழர் காணவில்லையோ, கண்டும் பெயரிடவில்லையோ, நாம் சொல்ல இயலாது. கெப்போங் நமக்கு அதனைக் காட்டிவிட்டது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். நம் தோட்டத் தமிழில் 'காடு' என்பது புலி உலவும் பெருங்காடு மட்டுமன்று. களையெடுத்து, நிரை பிடித்து, எண் கொடுத்த கித்தா நிலமும் காடுதான். 'காட்டுக்குப் போனார்' என்றால் பால்வெட்டப் போனார் என்பது பொருள். அகிலனும் தம் மலேசிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். இது பிழைவழக்கு அன்று. கொங்கு நாட்டிலும் கரிசல் நிலத்திலும் மானாவாரிப் புன்செய்க்குக் காடு என்றே பெயர். உழவர் அங்கே காட்டுக்குத்தான் போவர். அந்த வழக்கே கப்பலேறி வந்து, சோளக்கொல்லைக்கு உரிய பெயரை ரப்பர் நிலத்துக்குக் கொடுத்தது என்று நாம் கருதுகிறோம். இதனைத் திருத்தி 'தோட்டம்' என்று எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் ஒரு வரலாற்றுச் சான்றை அழிக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம்.

நிலம் உருமாறும்போது முதலில் உதிர்வன இத்தகைய பெயர்களே. காப்பகத்தின் பலகை பறவையின் பெயரைச் சொல்லும். சுரங்கத்தையும் ஒரு வரியில் சொல்லும். இடையில் அங்கே உழைத்தவர் அந்த மேட்டையும் ஓடையையும் எப்படி அழைத்தனர் என்பதற்குப் பலகை இராது. முதல் உலகப்போர் முடிந்து வந்த ஆங்கிலப் படையதிகாரிகள் திறந்த தோட்டம் பிராங் பெசார். அப்பெயருக்குப் பொருளே 'பெரும்போர்'. அதுவும் அதனை அடுத்த தோட்டங்களும் 1990களில் புத்ராஜெயாவாயின. அங்கே இன்று அழகிய ஈரநிலப் பூங்கா இருக்கிறது. அத்தோட்ட மக்கள் டிங்கிலில் குடியமர்த்தப்பட்டனர். மக்கள் இடம் மாறினர். காட்டுப் பெயர்கள் அவர்களோடு போயின, இனி அவர்கள் நினைவில் மட்டுமே உள.

நம் மாநிலத்தில் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களின் தோட்ட நிலங்கள் இப்போது வேகமாக நகராகின்றன. சில இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையே எஞ்சிய ஆவணம். லாபு தோட்டம் 4ஆம் பிரிவுத் தமிழ்ப்பள்ளி என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் கணக்குக்காகப் பிரித்த எண், ஒரு பள்ளியின் பெயராக நின்றுவிட்டது. பள்ளிகளை இடம் மாற்றும்போது 'பழைய பெயர் நீளமாக இருக்கிறது' என்று சுருக்க முனைவோர் உண்டு. அதற்கு இசைய வேண்டாம் என்பது நம் வேண்டுகோள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் பாட்டி, தாத்தா பால்வெட்டியவராயின், அவர்கள் தோட்டத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கோயில், ஆயாக்கொட்டகை, லயம், குட்டை, ஒவ்வோர் எண் காடு என்று அவர்கள் சொல்வதை ஒலித்தபடியே எழுதுங்கள். 'நெரை' என்றால் 'நெரை' என்றே எழுதுங்கள். 'நிரை' என்று மாற்ற வேண்டாம். சொன்னவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார் என்பதைத் தாளின் பின்புறம் குறியுங்கள். அத்தாள்களைத் தமிழாசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அவற்றைப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வைப்பார்களாக.