தானியப் போக்குவரத்தில் வலையமைப்புக் கணிதம்
(உணவுத்துறை அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கொள்முதலாகும் கோதுமையும் அரிசியும் பெரும்பாலும் ரயில் மூலம் பற்றாக்குறை மாநிலங்களை அடைகின்றன. பின்னர் லாரிகளில் கிடங்குகளுக்கும், அங்கிருந்து நியாயவிலைக் கடைகளுக்கும் செல்கின்றன. எந்தக் கிடங்கு எந்த ஊருக்கு வழங்குவது? "அருகில் உள்ளது" என்பதே உடனே தோன்றும் விடை. அது எப்போதும் சரியான விடை அன்று.

இரு கிடங்குகளில் தலா 100 டன் அரிசி இருக்கிறது. இரு ஊர்களுக்குத் தலா 100 டன் தேவை எனக் கொள்வோம். முதற் கிடங்கிலிருந்து முதல் ஊர் 20 கிலோமீட்டர், இரண்டாம் ஊர் 30 கிலோமீட்டர். இரண்டாம் கிடங்கிலிருந்து முறையே 40, 80. மிக அருகில் உள்ள முதல் ஊருக்கு முதற் கிடங்கை ஒதுக்கினால், மற்ற சரக்கு 80 கிலோமீட்டர் செல்ல நேரிடும். மொத்தம் 10,000 டன்-கிலோமீட்டர். மாற்றி ஒதுக்கினால் 7,000 மட்டுமே. இரண்டு கிடங்குகளுக்கு ஒரு தாள் போதும். நூற்றுக்கணக்கான கடைகளுக்குக் கணிப்பொறி வேண்டும்.

இத்தகைய கணக்குகளை 1939-இல் சோவியத் நாட்டில் கான்டரோவிச்சும், 1941-இல் அமெரிக்காவில் ஹிட்ச்காக்கும் ஆராய்ந்தனர். இதில் ஒரு வசதி உண்டு. இருப்பும் தேவையும் முழு லாரிச் சுமைகளாக இருப்பின், விடையும் முழு எண்களாகவே அமையும். ஏழரை லாரி அனுப்புக என்று கணக்கு சொல்லாது.

2024 டிசம்பரில் மத்திய உணவு அமைச்சகம் தொடங்கிய 'அன்ன சக்ரா' இதே நெறியைப் பொது விநியோகத்தில் கையாள்கிறது. உலக உணவுத் திட்டமும் டில்லி ஐ.ஐ.டி.யைச் சார்ந்த அமைப்பும் இதில் பங்கேற்றன. ஆண்டுக்குச் சுமார் 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு.

அலுவலர்களுக்கு இதனினும் பயனுள்ளதாக நான் கருதுவது, 1956-இல் ஃபோர்டு, ஃபல்கர்சன் ஆகியோர் வெளியிட்ட தேற்றம். ஒரு வலையமைப்பில் செல்லக்கூடிய மிகப் பெரும் ஓட்டம், தொடக்கத்தையும் முடிவையும் பிரிக்கும் வெட்டுகளில் மிகச் சிறியதன் கொள்ளளவுக்குச் சமம். சோவியத் ரயில்பாதைகளை எங்கே தாக்கித் துண்டிக்கலாம் எனக் காண 1955-இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட இரகசிய அறிக்கையே இவ்வாய்வைத் தூண்டியது. அழிப்பதற்குத் தேடிய இடமே, நமக்குச் சீர்செய்ய வேண்டிய இடம்!

நாளொன்றுக்கு 3,000 டன் ரயிலில் வந்தாலும், நிலையத்தில் 1,800 டன் மட்டுமே இறக்க முடியுமாயின், அதற்குமேல் ஒரு மூட்டையும் கிடங்கை அடையாது. கூடுதல் வேகன் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதில் பயனில்லை. இறக்கும் மேடைக்கும் சுமைதூக்குவோருக்கும் செலவிடும் பணமே ஓட்டத்தைப் பெருக்கும்.

ஆனால் கணக்கு, நாம் அளித்த கொள்ளளவையே நம்பும். மழைக்காலத்தில் அடைபடும் மலைப்பாதையைக் கோடையில் அளந்து எழுதிவிட்டால், மிகக் குறைந்த செலவு என்று அப்பாதையையே அது தேர்ந்தெடுக்கும். அங்குள்ள கடையில் மாதக் கடைசிவரை அரிசி இராது. கணிப்பொறியின் தாளில் சிக்கனம் மட்டும் காணப்படும். ஆகவே பாதைகளின் கொள்ளளவைப் பருவந்தோறும் தனித்தனியே பதிவு செய்யுமாறு வட்ட அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பதிவுகளை லாரி ஓட்டுநர்களிடம் நேரில் விசாரித்துச் சரிபார்க்கும் பணியை மாணவர்கள் மேற்கொள்ளலாம்.