பழம்புடவையும் பத்து விரலும்

(மேல்சித்தாமூர் வட்டாரப் பெண்களின் தையல் வேலை குறித்து, ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் சமுதாய நலப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



 வழக்கமாக இக்கூட்டத்தில் கட்டில், மருந்து, கருவி இவற்றைப் பற்றியே பேசுவோம். இம்முறை ஊசியையும் நூலையும் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். மருத்துவமனைக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மருந்து வாங்காமலே வீடு திரும்பும் தாய்மார்களை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்த நிலை வருவது குறைவு. ஆகவே தையல் எங்களுக்குச் சுகாதாரத்தைச் சேர்ந்த காரியமாகவே தோன்றுகிறது.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணரின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள பழைய ஊர். சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் கிராமங்கள். நடவும் களையும் இருக்கும் நாட்களில் பெண்களுக்குக் கூலி கிடைக்கும். மற்ற நாட்களில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இப்பக்கத்துப் பெண்கள் தைக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைத் துணிகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த ஒட்டுவேலை அது. அதைத் தைப்பவர்கள் தனித் தொழிலாளர்கள். ஆனால் ஒட்டுத்தையல் வீடுகளிலும் இருந்தது. அதுதான் பழம்புடவை விரிப்பு.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம். நைந்துபோன நூல் புடவை இரண்டு மூன்றைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, நான்காகவோ ஆறாகவோ மடிப்பார்கள். கிழிந்த பாகம் உள்மடிப்பில் போய்விடும். கரை ஓரத்துக்கு வரும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் சுருக்கம் விழும். முதலில் நீள நீளமாக நூலோட்டம் போட்டு மடிப்புகளை நிறுத்துவார்கள். பிறகு ஓரத்திலிருந்து நெருக்கமாக ஓட்டுத்தையல். ஓட்டை தெரியும் இடத்தில் பழைய ஜாக்கெட்டின் துண்டு ஒன்று ஒட்டாக உட்காரும். கண் மங்கிய ஆயாவுக்கு ஊசி கோத்துக் கொடுப்பது பேத்தியின் வேலை. ஒரு விரிப்பு முடிவதற்குள் அந்தப் பெண்குழந்தை ஓட்டுத்தையலைக் கற்றுக்கொண்டிருக்கும். யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள். தெருவில் நடந்த நல்லது கெட்டது அத்தனையும் அந்தத் திண்ணையில் பேசித் தீர்ந்திருக்கும்.

இது நம் ஊர் வழக்கம் மாத்திரமல்ல. வங்காளத்துக் காந்தாவும் பழம்புடவை அடுக்குகளில் பிறந்ததே. புடவைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி, அதைக் கொண்டே தைப்பார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனத்தார் வாழ்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அப்பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் தையல் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். நான்கு மூலையிலும் பூ என்று சொல்லி முக்கோணத் துணியை வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை நிறைவுபெறும். இல்லாமையிலும் அழகு வேண்டும் என்ற மனம் எல்லா ஊர் ஏழைக்கும் ஒன்றே.

சபையாராகிய நாம் மறந்துவிடக் கூடாத ஒரு வரலாறும் இதில் உண்டு. 1819-ஆம் ஆண்டு லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் நாகர்கோவில் வந்தார்கள். அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் விற்ற காசைக் கொண்டு அடிமைப் பெண்பிள்ளைகள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அடிமை முறை அங்கே ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு முன்னரே நூலும் ஊசியும் சில பிள்ளைகளை விடுவித்துவிட்டன. அதே பகுதியில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த பெண்கள் மார்பை மூட உரிமையற்றிருந்தார்கள். மிஷனெரி அம்மையார் சொல்லிக்கொடுத்தபடி அவர்கள் தைத்து அணிந்த தளர்ந்த குப்பாயத்தின் பேரில் கலகங்களே நடந்தன. 1859-இல் அரச கட்டளை பிறந்த பிறகே அவர்களுக்கு மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் பெண்கள் பள்ளியையும் லேஸ் வேலையையும் வளர்த்தார்.

இந்த வரலாற்றில் நாங்கள் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. மார்த்தா அம்மையார் அப்பிள்ளைகளுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தார். அத்துடன் அவர்கள் பின்னியதை வாங்குவோரையும் தேடினார். காசு பிள்ளைகளின் கைக்குப் போனது. அந்த இரண்டாம் பகுதி இல்லாவிட்டால் விடுதலை ஏது?

இப்போது நம் கிராமங்களுக்கு வருவோம். பெண்களுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கும் நல்ல உள்ளங்கள் பல உண்டு. சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் அரசும் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. அந்த மெஷினால் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை எங்களுக்குத் தெரியும். அதே சமயம், வீடு வீடாகப் போகும்போது வேறொரு காட்சியையும் காண்கிறோம். மெஷின்மேல் துணிமூட்டையும் பிளாஸ்டிக் குடமும் அடுக்கியிருக்கும். பெல்ட் அறுந்திருக்கும், பாபின் தொலைந்திருக்கும். பழுதுபார்க்க டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, தைக்கக் கொடுப்பார் இல்லை. சந்தையில் நைட்டியும் சுடிதாரும் தைத்த விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலு ஜாக்கெட், இடையில் புடவைக்கு ஃபால்ஸ், பிக்கோ என்று சில்லறை வேலை. மற்ற மாதங்களில் மெஷின் சும்மா நிற்கும். அதைப் பார்த்து வீட்டார், "இதைக் கற்றுக்கொண்டு என்ன பலன்?" என்பார்கள். அந்தச் சொல் அந்தப் பெண்ணை எவ்வளவு வருத்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேறு வழி உண்டா? உண்டு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, ஆரோவில் அருகிலுள்ள மீனவர் குப்பங்களில் பெண்கள் கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்தார்கள். ஆரோவிலில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தார் அவர்களிடம் மிச்சத் துணித்துண்டுகளைக் கொடுத்து, கட்டைவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று அதற்குப் பெயர். பல நூறு பெண்கள் கூடி உட்கார்ந்து அதைச் செய்தார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் திறந்தது. வாய் திறந்தபோது துக்கம் சற்று இறங்கியது. பொம்மை விற்கப்படவில்லை, இலவசமாகவே கொடுக்கப்பட்டது. விரும்பியவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். செய்த பெண்களுக்கோ கூலி கொடுக்கப்பட்டது. பல லட்சம் பொம்மைகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன.

மேற்கே, கல்வராயன் மலைக்கு அப்பால் தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் இன்னொரு சாட்சி. அங்கே 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் மலைமக்களுக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். லம்பாடிப் பெண்களின் பூத்தையல் மறைந்துபோகும் நிலையில், முதியவர்கள் ஒரு சிலருக்கே தெரிந்திருந்தது. மருத்துவமனையின் ஊக்கத்தால் இளம்பெண்கள் அதைக் கற்று, 'போர்கை' என்ற பெயரில் விற்பனைக்குத் தைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள்.

இவ்விரண்டு இடங்களிலும் நாங்கள் கண்டது மூன்று காரியங்கள். பெண்கள் தனித்தனி வீட்டில் அடைபடாமல் கூடி உட்கார்ந்தார்கள். தைத்ததை எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்தார். கூலி தவறாமல் கிடைத்தது.

எங்களுக்கும் ஒரு வழி புலப்பட்டது. வருடம் முழுவதும் துணி தேவைப்படும் இடம் மருத்துவமனை. படுக்கை விரிப்பு, தியேட்டருக்குப் பச்சைத் துணி, பிறந்த குழந்தைக்குத் துண்டு, தொப்பி, முன்புறம் நாடா வைத்த ஜப்லா. இவற்றை டவுன் கடையில் வாங்குவதற்குப் பதிலாகக் கிராமத்துக் குழுவிடம் வாங்கினால் என்ன? அப்படித்தான் ஆரம்பித்தோம். சமண வீட்டு அம்மாவும், காலனியிலிருந்து வரும் தங்கையும், முஸ்லிம் சகோதரியும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கிறார்கள். கூலிக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: அரை நாள் தைத்தவளுக்கு, அரை நாள் களை எடுத்தால் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது. வேலையில் கண்டிப்பும் உண்டு. கோணல் தையலைப் பிரிக்கச் சொல்வோம். ஆபரேஷன் தியேட்டரில் செய்வதுபோல ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம். குழந்தையின் துணியில் ஒரு ஊசி தங்கிவிடக் கூடாதல்லவா?

இவற்றில் எங்கள் மனதுக்கு மிகவும் நெருக்கமானது கங்காரு துணி. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டும் நூல் துணி அது. 1978-இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் இம்முறை தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். உடல்நிலை சீரான பிறகு அணைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். பிறந்தவுடனே அணைக்கப்பட்டவர்களில் அது 12 ஆகக் குறைந்தது. தாயின் சூட்டைக் குழந்தையோடு கட்டி வைப்பது ஒரு துண்டுத் துணியும் நாலு வரித் தையலுமே. அதைத் தைத்த பெண்ணுக்கு இதை விளக்கிச் சொல்லுகிறோம். தன் வேலை இன்னதென்று அவள் அறிய வேண்டும்.

வீடுகளில் விரிப்புத் தைக்கும் சகோதரிமாருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு நூல் புடவையே நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். புதுத் துணியானால் கஞ்சி போகத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். விரிப்பு மெல்லியதாக, குழந்தையின் அடியில் சுருக்கமில்லாமல் இருக்கட்டும். ஒரு வயது ஆகும்வரை தளர்ந்த போர்வையும் தலையணையும் குழந்தையின் முகத்தருகே வேண்டாம், மூச்சு முட்டும்.

அன்பர்களே, தபீத்தாள் என்னும் தொற்காள் மரித்தபோது, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அந்த அன்பு உங்களிடம் இருப்பதை நாங்கள் அறிவோம். ஆகவே தயக்கமின்றிச் சிலவற்றைக் கேட்கிறோம்.

மெஷின் கொடுக்க விரும்புகிறவர்கள், அதோடு ஓராண்டுக்கான ஊசி, நூல், பெல்ட், பழுதுபார்க்கும் செலவு இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வீட்டு நூல் புடவைகளைத் துவைத்து அனுப்புங்கள், பாலியஸ்டர் வேண்டாம். எல்லாவற்றிலும் மேலாக, ஆர்டர் கொடுங்கள். உங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு ஒரு ஜப்லாவும் விரிப்பும், ஞாயிறு பள்ளிக்குப் பைகள், ஆலயத்துக்குத் திரைச்சீலை, எதுவானாலும் சரி. அனுதாபத்துக்காக வாங்க வேண்டாம். தையல் நேராக இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சரியில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் முழு விலையும் கொடுத்து, மறுபடியும் கேளுங்கள். தைத்தவளுக்குத் தர்மத்தைக் காட்டிலும் அந்த இரண்டாவது ஆர்டரே அதிக மகிழ்ச்சி தரும்.

மேல்சித்தாமூர்ப் பக்கம் வரும்போது குழுவையும் வந்து பாருங்கள். ஜமக்காளத்தில் உங்களுக்கும் இடமுண்டு. ஊசி கோத்துக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை.