முதியோர் இல்லமும் நம் கடப்பாடும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவரிற் பலர் முகம் சுளிப்பர். பெற்ற தாயைப் பிறர் கையில் விடுவதா என்று கேட்பர். கொன்றைவேந்தனின் முதலடியே தாய் தந்தையரைப் பற்றியது. கண்ணிழந்த பெற்றாரைக் காவடியிற் சுமந்த சிரவணனின் கதையைக் கேட்டே நாமெல்லாம் வளர்ந்தோம். ஆகவே இக்கூச்சம் இயல்பானதே. ஆனால், கூச்சத்தினாற் பேசவேண்டியதைப் பேசாது விட்டால் அதனால் துன்புறுவோர் நம் பெற்றாரே. ஆதலின் இன்று அதனைப் பேசத் துணிந்தோம்.

முதலில் நம் மண்ணின் வழக்கத்தை நோக்குவோம். மட்டக்களப்பிலே குடி தாய்வழியாக வருவது. மணமகன் மணமகள் வீட்டுக்குச் செல்வதும், வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாவதும் நம்மிடையே தொன்றுதொட்டு வரும் முறை. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். மூத்தவளுக்குத் தாம் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவிலுள்ள சிறு வீட்டுக்கோ, அடுத்தவளுக்கெனக் கட்டிய வீட்டுக்கோ பெற்றார் போவதுண்டு. கடைசியில் இளையவளோடு ஒதுங்குவர். மூன்று பெண்களைப் பெற்றவர் தம் வாழ்நாளில் மூன்று முறை வீடு மாறியிருப்பார்.

ஆகவே, வீடு மாறுவது நம் பெற்றார்க்குப் புதிதன்று. 1978 நவம்பரிற் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனபோதும் மாறினார்கள். 2007இல் யுத்தம் படுவான்கரை மக்களை இடம்பெயர்த்தபோதும் மாறினார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடுண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மாறியபோது முடிவு அவர்களுடையது. சூறாவளியும் யுத்தமும் அவர்களைக் கேட்டு வரவில்லை. முதுமையில் வரும் வீடு மாற்றம் இவ்விரண்டில் எதனைப் போன்றதாக இருக்கப்போகிறது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

இக்கேள்வி முன்னாளில் எழவில்லை. இளையவள் ஊரில் இருந்தாள். இன்றோ அவள் கொழும்பிலோ கட்டாரிலோ கனடாவிலோ இருக்கிறாள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். மாதந்தோறும் காசு வருகிறது. இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பிள்ளைகளோ, "பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிற் படுத்தபின், மூன்று நாடுகளிலிருந்து தொலைபேசியில் ஓரிரவில் முடிவெடுக்கிறார்கள். கட்டிலிற் கிடப்பவரிடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நம் சமயநூல்கள் இதுபற்றி என்ன சொல்கின்றன என்று கேட்போர்க்கு மகாபாரதத்தை நினைவூட்டுவோம். யுத்தம் முடிந்தபின் பதினைந்து ஆண்டுகள் திருதராட்டிரன் தருமரின் அரண்மனையிலே வாழ்ந்தான். உணவுக்கும் உபசாரத்துக்கும் குறைவில்லை. ஆனால் வீமன் சொன்ன சுடுசொற்கள் கிழவனின் நெஞ்சைத் துளைத்தன. அவன் காட்டுக்குப் போக விடைகேட்டான். காந்தாரியும் உடன் சென்றாள். குந்திதேவியோ, பிள்ளைகள் ஐவரும் அழுது தடுத்தும் கேளாது, தன் விருப்பத்தினாலேயே அவர்களோடு சென்றாள். பின்னர்ப் பாண்டவர் பரிவாரத்தோடு காட்டுக்குச் சென்று அவர்களைக் கண்டனர். இதிலே நாம் அறியத்தக்கவை மூன்று. ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பது மட்டும் பேணுதலாகாது. போவதோ இருப்பதோ முதியவரின் முடிவு. போனபின் தேடிச் செல்வது பிள்ளைகளின் கடன்.

மிஷன் பாடசாலையிற் கற்ற நாம் பிற சமயத்தார் செய்த நற்பணியையும் சொல்லாமல் விடலாகாது. 1839இல் பிரான்சு தேசத்திலே ஜான் ஜுகான் என்னும் ஏழைப் பெண், கண்பார்வையற்ற ஒரு கிழவியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே அவளுக்குக் கொடுத்தாள். அவள் தொடக்கிய கன்னியர் சபை 1888இல் கொழும்புக்கு வந்து முதியோர்க்கு இல்லம் அமைத்தது. சென்னையிலே சாவித்திரி வைத்தி அம்மையார் 1978இல் ஆதரவற்ற மூதாட்டியர்க்கென "விஸ்ராந்தி" இல்லத்தை நிறுவினார். கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. இல்லம் என்பது இழிவன்று. கேளாமற் கொண்டுபோய் விடுவதே இழிவு.

நிற்க. நாம் செய்யத்தக்கவை யாவை? பெற்றார் நடமாடித் திரியும் காலத்திலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். மறதிநோய் முற்றியபின் கேட்பது கடினம். சகோதரர் தம்முட் பேசி முடித்துவிட்டுச் சொல்லுவது கேட்பதாகாது. "அம்மா, இனித் தனியே இருப்பது கடினமானால் எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரிடமே கேட்போம். எதனை இழக்க அஞ்சுகிறார் என்றும் கேட்போம். வெள்ளிக்கிழமைக் கோயிலாக இருக்கலாம். மாலையில் வேலியருகே நின்று பேசும் அயலாளாக இருக்கலாம். வீட்டுக்குள்ளே ஒரு மலசலகூடம், சுவரிற் பிடிகம்பி, இரவில் துணைக்கு ஒருவர் என்பவற்றாற் குறை தீருமாயின் இல்லத்துக்குப் போகவே வேண்டியதில்லை.

இல்லமே தக்கதெனத் தோன்றினால், அவரை அழைத்துச் சென்று காட்ட வேண்டும். பதிவு பெற்ற இல்லமா, இரவில் யார் விழித்திருப்பார், வைத்தியசாலை எவ்வளவு தூரம், விரத நாளில் மரக்கறி உணவு கிடைக்குமா, ஆவணித் திருவிழாவுக்கு மண்டூருக்கு வந்துபோக விடுவார்களா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். அங்குள்ளவர்களோடு ஒருவேளை உணவு உண்டு பார்ப்பது நன்று. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அதுவரை ஊர்வீட்டைப் பூட்டி வாடகைக்கு விடாதிருப்போம். திரும்பி வர வழியுண்டு என்று தெரிந்தாற்றான் மனம் அமைதியடையும். போகும்போது அவருடைய சுவாமிப் படமும், வெற்றிலைத் தட்டமும், கிளினிக் புத்தகமும் உடன்போக வேண்டும்.

காணிவிடயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டை எழுதி வாங்கும்வரை அன்பும், வாங்கியபின் இல்லமும் என்பது நம் வழக்கத்துக்கே மாசு. உறுதி எழுதுவதாயின், பெற்றார்க்குச் சீவிய உரித்து வைத்தே எழுதுவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றாரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையையும் அமைத்துள்ளது. ஆனால் சட்டம் காசை வாங்கித் தருமேயன்றிப் பிள்ளையைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தாது.

"நான் போகமாட்டேன்" என்று தகப்பனார் சொன்னால்? அதுவும் ஒரு முடிவே. அதனை மதித்து, ஊரிலேயே அவர்க்கு ஆவன செய்வது நம் பொறுப்பு. ஈண்டு மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். பிள்ளைகள் வெளியூரிலுள்ள முதியோரின் வீடுகளைக் கிராமத்து முதியோர் சங்கத்தின் துணையோடு கணக்கெடுத்து, இரண்டு இளைஞர்க்கு ஒரு வீடாக வாரந்தோறும் சென்று பார்ப்போம். கிளினிக் நாளில் உடன்செல்வோம். ஊரைவிட்டு இல்லம் சென்றோரை மாதம் ஒருமுறையேனும் வாவி கடந்து போய்க் காண்போம்.

நமக்காக வீடு வீடாக மாறியவர்கள் நம் பெற்றார். இனியொரு வீடு மாற வேண்டி வருமாயின், அதனை அவர்களே தெரிந்துகொள்ளட்டும். அந்த வீட்டின் வாசலில் நம் காலடி அடிக்கடி படட்டும். மண்டூர்க் கந்தன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.