உப்பிட்டவரை நினைப்போம்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மலரில் பெரியோர் பலரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. அது முறையே. ஆயினும் பெயர் எழுதப்படாதவர்களையும் இன்று நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதற்கு நமக்கு அருகிலுள்ள கடற்கரையே பாடம்.

கிளியனூருக்குக் கிழக்கே கழுவெளியைக் கடந்தால் மரக்காணம். அதற்கு வடக்கே இடைக்கழிநாடு. இப்பகுதி பண்டைய ஓய்மா நாடு. இதனை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அவனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். 269 அடிகள் கொண்ட அவரது சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமே மரக்காணம் என அறிஞர் கருதுவர்.

கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபின் கீழ் இருந்த இக்கோட்டை, 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சுக்குக் கிடைத்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். நாணயம் அடித்த கோட்டை இன்று உடைந்த மதில்களாகக் கிடக்கிறது.

மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாய்க்கு ஓர் ஆளுநரின் பெயர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதியை, 1877-78-இல் பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள் கூலிக்கு வெட்டினர். அவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் அறிவோமா?

நத்தத்தனார் அரசனை மட்டும் பாடவில்லை. பசியால் மெலிந்த கிணைமகள் ஒருத்தியையும் பாடினார். அவள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்தாள். பிறர் கண்டு பழிப்பார்களோ என நாணி, கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு பகிர்ந்து உண்டாள். உப்பு விளையும் கரையில் பிறந்த புலவர், உப்பில்லாக் கீரையை மறக்கவில்லை!

மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன. கொளுத்தும் வெயிலில் பாத்தியில் நின்று உப்பை வாருகிறவர்களுக்கு, மழை வந்தால் வேலை இல்லை. நம் ஊர்க் கூலிக் குடும்பங்களின் நிலையும் அதுவே. அந்நாட்களில் அடைத்திருந்த கதவுகளைக் கண்டு, ஆள் இல்லை என எண்ணி நாமும் கடந்து சென்றதுண்டு. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் ஆலயத்திற்காக மண்ணும் கல்லும் சுமந்த உங்கள் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களைக் கொண்டுவந்து பங்குப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். 'அவர் வெறும் கூலியாள்' என்று எவரும் கூச்சப்பட வேண்டாம். அடுத்து, விழா விருந்தில் அமருமுன், உங்கள் தெருவில் அடைத்திருக்கும் கதவைத் தட்டுங்கள். ஊரறியத் தட்டாதீர்கள். உறவினராகத் தட்டுங்கள்.

நம் ஆண்டவர் தம் சீடரை ஒப்பிட்டது பொன்னுக்கல்ல, உப்புக்கே. உப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் அது இல்லாத உணவை நாக்கு உடனே அறிந்துவிடும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!