தீவு நாடுகளும் தீர்ந்துபோகும் செல்வமும்

(பயிற்சி பெறும் அலுவலர்களுக்கு நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நான்கு புறமும் கடலால் சூழப்பட்ட நாடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஜப்பான், இந்தோனேசியா, பிரிட்டன் ஆகியவை தீவு நாடுகளே. 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட நவூருவும் தீவு நாடே. ஆயினும் பொருளாதார வளர்ச்சி பற்றிய ஆய்வுகளில் 'தீவு நாடு' என்னும் சொல் பெரும்பாலும் சின்னஞ்சிறு நாடுகளையே குறிக்கிறது. 'வளரும் சிறு தீவு நாடுகள்' என்ற பிரிவில் ஏறக்குறைய 40 நாடுகளை ஐக்கிய நாடுகள் சபை வகைப்படுத்தியுள்ளது. இவற்றுள் பெரும்பாலானவை 1960-க்குப் பின்னர் விடுதலை பெற்றவை. ஜமைக்கா 1962-லும், மாலத்தீவு 1965-லும், மொரீஷியஸ், நவூரு ஆகியவை 1968-லும், பீஜி 1970-லும், கிரிபாட்டி 1979-லும் சுதந்திர நாடுகளாயின.

இந்நாடுகளுக்குப் பொதுவான இயல்புகள் சில உண்டு. உள்நாட்டுச் சந்தை மிகச் சிறியது. பெரிய சந்தைகள் தொலைவில் இருப்பதால் சரக்குக் கட்டணம் மிகுதி. ஏற்றுமதி ஒன்றிரண்டு பொருள்களை மட்டுமே நம்பியிருக்கும். பரந்த நாடொன்றில் ஒரு மாவட்டத்தில் விளைச்சல் பொய்த்தால் மற்றொரு மாவட்டம் கைகொடுக்கும். தீவு நாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே புயல் ஓராண்டு தேசிய வருமானத்தையே அழித்துவிடக்கூடும்.

இத்தகைய நாட்டுக்கு எப்போதாவது ஒரு செல்வம் வாய்க்கிறது. அது மண்ணிலுள்ள தாதுவாக இருக்கலாம். அயல்நாடு தரும் சலுகை விலையாக இருக்கலாம். எதுவாயினும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. அது தீர்வதற்குள் அதனை எதுவாக மாற்றிக்கொள்வது என்பதே தீவு நாட்டுப் பொருளாதாரத்தின் தலையாய வினா. மூன்று நாடுகள் இவ்வினாவுக்கு மூன்று விதமாக விடையளித்துள்ளன.

நவூரு: தோண்டி எடுக்கப்பட்ட நாடு

நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள ஒற்றைத் தீவு நவூரு. கடற்கரையை ஒட்டிய குறுகிய வளையத்தில் மக்கள் வாழ்கின்றனர். நடுவிலுள்ள மேட்டுநிலம் முழுவதும் ஒரு காலத்தில் உயர்தரமான பாஸ்பேட் படிந்திருந்தது. 1888-இல் ஜெர்மனி இத்தீவைத் தன் ஆட்சியில் இணைத்துக்கொண்டது. 1900-இல் பாஸ்பேட் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் சுரங்கப் பணி தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் கூட்டு அமைப்பு சுரங்கத்தை நடத்தியது. அவ்வமைப்பு பாஸ்பேட்டை உலக விலைக்கு வெகு குறைவாக ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வேளாண்மைக்கு அளித்து வந்தது. அயல்நாட்டு வயல்கள் செழித்தன. நவூருவின் மண் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையினர் ஏறத்தாழ 1,200 நவூரு மக்களை ட்ரக் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். அவர்களுள் 1946-இல் உயிருடன் திரும்பியோர் எழுநூற்றுச் சொச்சம் பேரே.

சுரங்கம் தீர்ந்தபின் அத்தீவில் வாழ இயலாது என்று கருதிய ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து கரையிலுள்ள கர்ட்டிஸ் தீவுக்கு மக்கள் அனைவரும் குடிபெயரலாம் என்று 1960-களில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. தனி மக்களினம் என்ற நிலையை இழக்க விரும்பாத நவூரு மக்கள் 1964-இல் அதனை மறுத்தனர். 1968 ஜனவரி 31 அன்று நாடு விடுதலை பெற்றது. ஹாமர் டிராபர்ட் முதல் குடியரசுத் தலைவரானார். சுரங்கத் தொழிலின் சொத்துகள் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கப்பட்டு, 1970-இல் தொழில் நாட்டுடைமையாயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகள் வளமான ஆண்டுகள். 1970-களில் தலா வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக நவூரு கருதப்பட்டது. வருமான வரி இல்லை. கல்வியும் மருத்துவமும் இலவசம். எதிர்காலத்துக்கென உரிமைத்தொகை அறக்கட்டளை ஒன்றும் இருந்தது. எனவே அந்நாடு சேமிக்கவே இல்லை என்று கூறுவது தவறு. சேமிப்பு எவ்வாறு நிர்வகிக்கப்பட்டது என்பதில்தான் குறை இருந்தது. மெல்பர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் 1977-இல் எழுந்தது. மக்கள் தொகைக்குப் பொருந்தாத அளவில் விமானங்கள் கொண்ட விமான நிறுவனம் நடத்தப்பட்டது. 1993-இல் லண்டனில் சில வாரங்களே ஓடிய இசை நாடகம் ஒன்றுக்கும் பணம் செலவிடப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தின் பற்றாக்குறையை ஈடுசெய்ய அறக்கட்டளையின் சொத்துகள் மீது கடன் வாங்கப்பட்டது. முதன்மைப் படிவுகள் தீர்ந்துவந்த காலத்தில் அறக்கட்டளையும் கரைந்திருந்தது. மெல்பர்ன் கட்டடம் 2004-இல் விற்கப்பட்டது. 2005 இறுதியில் எஞ்சியிருந்த ஒரே விமானமும் கடன்காரர் வசமாயிற்று.

நிலத்தின் நிலையோ இதனினும் வருந்தத்தக்கது. தீவின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டு, கூரிய பவளப் பாறைத் தூண்கள் மட்டுமே நிற்கின்றன. விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஆராய 1986-இல் இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1989-இல் நவூரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என 1992-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுடன் இணக்கம் ஏற்பட்டது. ஒரு சிறு நாடு நீதிமன்றத்தின் துணையால் தன் உரிமையை ஓரளவேனும் பெற முடிந்தது என்பது வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஆனால் இழந்த மண்ணைத் தொகை மீட்டுத் தரவில்லை.

கிரிபாட்டி: சேமித்த நாடு, இழந்த மக்கள்

நவூருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பனாபா தீவிலும் 1900 முதல் பாஸ்பேட் எடுக்கப்பட்டது. இத்தீவு இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டின் தீவுகள் 33. மொத்த நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். பாஸ்பேட் வரியில் ஒரு பகுதியைக் கொண்டு 1956-இல், காலனி ஆட்சியின்போதே, வருவாய்ச் சமநிலைக் காப்பு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நிதி வெளிநாட்டுப் பத்திரங்களில் முதலீடு செய்யப்பட்டது. 1979-இல் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் சுரங்கமும் முடிவுற்றது. அரசின் முக்கிய வருவாய் ஒரே நாளில் நின்றுபோன அந்நாட்டை இந்நிதியே தாங்கியது. அசலைத் தொடாமல், வரவு குறைந்த ஆண்டுகளில் மட்டும் அளவோடு எடுப்பது என்ற மரபு பெரும்பாலும் காக்கப்பட்டது. 2008-இன் உலக நிதி நெருக்கடியில் அதன் மதிப்பு சரிந்த போதிலும், நிதி அழிந்துவிடவில்லை.

எனினும் இந்த வெற்றிக்கு மறுபுறம் ஒன்று உண்டு. எந்த மக்களின் மண்ணிலிருந்து அச்செல்வம் எடுக்கப்பட்டதோ, அந்தப் பனாபா மக்கள் 1945-இல் பீஜியின் ராபி தீவில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கில் 1976-இல் வெளியான தீர்ப்பு, அரசின் நடத்தையைக் குறைகூறியது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த பரிகாரத்தை அளிக்கவில்லை. நாடு சேமித்தது என்ற கணக்கில், நிலத்துக்குரியவர் என்ன பெற்றார் என்ற கேள்வி எளிதில் மறைந்துவிடுகிறது.

மொரீஷியஸ்: சலுகையைத் தொழிலாக்கிய நாடு

இந்துமாக் கடலிலுள்ள மொரீஷியஸில் டச்சுக்காரர் 1598-இல் வந்திறங்கியபோது மக்கள் எவரும் வாழவில்லை. 1715-இல் பிரெஞ்சு ஆட்சியும், 1810-இல் ஆங்கில ஆட்சியும் ஏற்பட்டன. பிரெஞ்சுக் காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் அங்கே சென்றனர். அடிமை முறை ஒழிக்கப்பட்ட காலத்தையொட்டி 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் இறங்கிய போர்ட் லூயி துறைமுகப் படிகள் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துக்களைக் காணலாம்.

1960-இல் கரோல் புயல் தீவைச் சீரழித்தது. மலேரியா ஒழிப்பின் விளைவாக மக்கள் தொகை வேகமாகப் பெருகியது. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை. பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961-இல் அளித்த அறிக்கை எதிர்காலம் பற்றி மிகுந்த ஐயத்தையே வெளியிட்டது. பின்னர் 1977-இல் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞரின் கணிப்பு பொய்த்தது. ஆனால் அவர் சுட்டிய அபாயங்கள் உண்மையானவை. வேலையின்மைக்குத் தொழில்மயமே மருந்து என்பது உட்பட அவர் கூறிய பரிகாரங்களில் பல பின்னர் மேற்கொள்ளப்பட்டன.

1968-க்குப் பின் சிவசாகர் ராம்கூலம் தலைமையிலான அரசு 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டத்தைக் கொணர்ந்தது. தனி வளாகம் தேவைப்படாமல், தீவின் எப்பகுதியிலும் ஆலை அமைக்க அச்சட்டம் இடமளித்தது. 1975-இன் லோமே ஒப்பந்தம் ஐரோப்பியச் சந்தையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் டன் சர்க்கரைக்கு உறுதியான விலையை அளித்தது. உலக விலை வீழ்ந்த ஆண்டுகளிலும் அவ்விலை கிடைத்தது. இங்கேதான் மொரீஷியஸின் சிறப்பு புலப்படுகிறது. சர்க்கரையில் வந்த இலாபம் ஆயத்த ஆடை ஆலைகளிலும் விடுதிகளிலும் முதலீடாயிற்று. 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அக்கல்வி பெற்ற தலைமுறை, குறிப்பாகப் பெண்கள், ஆலைகளில் பணியேற்றனர். 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் நாணய மதிப்பைக் குறைக்கும் கசப்பான முடிவுகளும் எடுக்கப்பட்டன.

அயல்நாடு தரும் சலுகை விலையும் ஒரு சுரங்கமே. அதுவும் ஒரு நாள் தீரும். 2005 தொடக்கத்தில் பன்னாட்டு ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்தது. 2006 முதல் நான்கு ஆண்டுகளில் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தது. இரு அடிகளும் அடுத்தடுத்து விழுந்தபோது வங்கித் தொழில், தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா ஆகியவை ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. இழப்பு இருந்தது; வீழ்ச்சி இல்லை.

கணக்கு எழுதும் முறை

1977-இல் கனடா நாட்டுப் பொருளியல் அறிஞர் ஜான் ஹார்ட்விக் எடுத்துரைத்த விதி இந்த அனுபவங்களை விளக்கப் பயன்படும். தீரக்கூடிய இயற்கை வளத்தின் உபரி வருவாய் முழுவதையும் மறு உற்பத்திக்குரிய மூலதனமாக மாற்றினால், வளம் தீர்ந்த பின்னும் நுகர்வு குறையாது காக்கலாம் என்பது அவ்விதியின் சாரம். ஒரு டன் தாதுவை விற்றுப் பெறும் தொகை முழுவதும் வருமானம் அன்று. அதில் ஒரு பகுதி சொத்தை விற்ற பணம். அரசின் கணக்கேட்டில் அது வருவாய் என்றே பதியப்படுவதால், செலவிடத் தயக்கம் எழுவதில்லை.

கடல் தரும் புதிய வாய்ப்பு

1982-இல் கையெழுத்தாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த கடல் சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமையை அளித்தது. 811 சதுர கிலோமீட்டர் நிலமுள்ள கிரிபாட்டிக்கு ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடல் உரிமையாயிற்று. 1982-இல் உருவான நவூரு உடன்பாட்டின்படி பசிபிக் நாடுகள் எட்டு ஒன்றுகூடி, அயல்நாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிப்பதற்கான நாட்களைக் கணக்கிட்டு விற்கின்றன. தனித்தனியே பேரம் பேசியபோது கிடைத்ததைவிடப் பன்மடங்கு வருவாய் இதனால் வருகிறது. 2015-இல் நவூரு புதிய அறநிதி ஒன்றைத் தொடங்கியபோது, பங்களித்த நாடுகளின் பிரதிநிதிகளும் அதன் நிர்வாகத்தில் இடம்பெற்றனர். பழைய அனுபவத்தின் பயன் இது. ஆனால் 2021-இல் அதே நவூரு, ஆழ்கடல் தாதுக்களை எடுப்பதற்கான விதிகளை விரைவுபடுத்துமாறு சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தைக் கோரியது. பாஸ்பேட் எழுப்பிய வினா மீண்டும், இம்முறை கடலடியில், எழுந்துள்ளது.

இதனிடையே கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. கிரிபாட்டி 2014-இல் பீஜியில் நிலம் வாங்கியது. ஆஸ்திரேலியாவில் குடியேற ஆண்டுக்கு 280 பேருக்கு வாய்ப்பளிக்கும் உடன்படிக்கையில் துவாலு 2023-இல் கையெழுத்திட்டது. 1964-இல் நவூரு மக்கள் மறுத்த குடிபெயர்வு, வேறு காரணத்தால், வேறு தீவுகளின் வாயிலில் நிற்கிறது. பருவநிலை குறித்து நாடுகளுக்குச் சட்டபூர்வக் கடமைகள் உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த கருத்துரை, வனுவாட்டு என்ற தீவு நாட்டின் முயற்சியால் விளைந்ததாகும்.

இந்திய நிர்வாகத்துக்கு

இந்தியா தீவு நாடன்று. எனினும் கனிமம் ஒன்றையே நம்பி வாழும் மாவட்டம் ஒவ்வொன்றும் பொருளாதார நோக்கில் ஒரு தீவே. 2015-இல் கனிமச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கு முன்னுரிமை வகுக்கப்பட்டுள்ளது. அந்நிதி எத்தனை கட்டடங்களாக மாறியது என்பதைவிட, எத்தனை இளைஞருக்குச் சுரங்கம் சாராத தொழில் கிடைத்தது என்பதே சரியான அளவுகோல். நிதியின் கணக்கு அப்பகுதி மக்கள் முன் வைக்கப்படுகிறதா என்பதும், நிலத்துக்குரியோர் அதன் பயனில் இடம் பெறுகின்றனரா என்பதும் உடன் கேட்கப்பட வேண்டியவை.

நவூருவில் நிதி இருந்தது, கண்காணிப்பு இல்லை. கிரிபாட்டியில் கண்காணிப்பு இருந்தது. பனாபா மக்களுக்குப் பங்கு போதவில்லை. மொரீஷியஸில் தாது இல்லை. கிடைத்த சலுகையைக் கல்வியாகவும் தொழிலாகவும் மாற்றும் முடிவு உரிய காலத்தில் எடுக்கப்பட்டது. வளம் இருக்கும்போது அதன் முடிவைக் கணக்கிட்டுச் செயலாற்றுவது திட்டமிடுவோரின் முதற்கடமையாகும்.