பொதுக் கணினிப் பணியில் நம்மவர் பங்கு



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அத்தொழிலில் மூழ்கினவன் ஒருவன். தோணியிற் கயிறு பிடித்து நின்றவன் மற்றொருவன். சிப்பியில் இருவருக்கும் பங்கிருந்தது.

திறந்த மூல மென்பொருட் பணியும் அத்தன்மையதே. நிரல் எழுதவல்லாரே அதிற் புகலாமென்றெண்ணி நம் வாலிபர் ஒதுங்குகின்றனர். இஃது ஆதாரமற்ற அச்சம். மொசில்லா நிறுவனத்தார் 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' என்னும் முயற்சியை நோக்குவோமாக. கணினிக்குப் பேச்சையுணரக் கற்பித்தற்பொருட்டுப் பல மொழிக் குரல்களை அங்கே திரட்டுகின்றனர். தமிழும் அவற்றுள் ஒன்று. ஒருவர் ஒரு வாக்கியத்தை வாசிப்பார். பிறர் அதனைக் கேட்டுச் சரியென்றோ பிழையென்றோ தீர்ப்பர். வாசித்தற்குரிய வாக்கியங்களையும் நாமே எழுதித் தரலாம். ஆனால் பிறர் நூலினின்று பெயர்த்தெழுதலாகாது. வாடை, கொண்டல், கச்சான் என்னுங் காற்றுகளின் பெயர்கள் நம் கரையோர் குரலில் அங்கு ஏறாவிடின், நாளை நம் மீனவர் கைப்பேசியிடம் பேசுங்கால் அது விளங்காது விழிக்கும். அப்பொழுது கருவியைப் பழிப்பதிற் பயனென்னை?

ஒன்று சொல்லிவைக்கிறோம். அவ்விதம் ஈந்த குரலை எவரும், பெருவணிகருங்கூட, விலையின்றி எடுத்தாளலாம். அதற்கு மனமொப்பியோரே தருக.

புதியோர் முதலிற் சில நாள் பிறர் குரலைக் கேட்டுத் தீர்ப்புரைத்துப் பழகுதல் நலம். நம் வாசிப்பு தள்ளப்படின் சினத்தற்கு இடமில்லை. மீண்டும் வாசித்தாற் போதும். விடுமுறைக்கு வரும் மாணவர்கள் புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களின் முதியோரை அணுகி, விஷயத்தை விளக்கி, அவர்தம் இசைவு பெற்று வாசிக்கச் செய்வார்களாக. கண்பார்வை மங்கியோருக்கு வாக்கியத்தை முன்னதாக மெல்லச் சொல்லிக்கொடுத்துப் பின்னர்ப் பதிவுசெய்யலாம்.